புதிய பதிப்பு: எப்போது ஏற்றுவது?

முப்பரிமாணப் படங்களும் அசையும் சித்திரங்களும் செய்ய உதவும் 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 2019 ஜூலையில் இதன் 2.80 பதிப்பு வெளிவந்தது. திரையின் தோற்றமே மாறியது. ஒளியையும் நிழலையும் கணக்கிட்டுப் படம் தீட்டிய பழைய பகுதி ஒன்று அடியோடு நீக்கப்பட்டது. பழைய பதிப்புக்கென எழுதிய துணைநிரல்கள் பல வேலை செய்யவில்லை. ஏன்?

துணைநிரல், தாய் மென்பொருளிலுள்ள கட்டளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பெயர் மாறிவிட்டால், வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் எழுதிய கடிதத்தின் கதிதான்! கோப்புகளிலும் இச்சிக்கல் உண்டு. பழைய கோப்பின் அமைப்பைப் புதிய பதிப்பு அறியும். பின்னால் வரப்போவதைப் பழைய பதிப்பு எவ்வாறு அறியும்? ஆகவே, புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் சில பகுதிகள் மறைந்துபோகலாம். திறக்காமலே போவதும் உண்டு.

பள்ளிக் கண்காட்சிக்கான படம் பாதியில் நிற்கிறதா? பெரிய பதிப்பு மாற்றத்தை அது முடியும்வரை தள்ளிவையுங்கள். பிழைகளை மட்டும் திருத்தும் சிறு வெளியீடுகள் வேறு வகை. அதிலும் பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதாயின் உடனே ஏற்றிவிட வேண்டும். 2020 ஜூனில் வந்த 2.83 பதிப்புக்கு இத்தகைய திருத்தங்கள் இரண்டாண்டுகள் அளிக்கப்பட்டன. பிளெண்டரில் இரு பதிப்புகளையும் ஒரே கணிப்பொறியில் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். கோப்பின் நகலைப் புதியதில் திறந்து பாருங்கள். மூலக் கோப்பு பழையதிலேயே இருக்கட்டும்.