கிதியோன் கேட்ட கடுக்கன்கள்

சாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மக்களே,

உன்னைச் சபைக் கமிட்டிச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததை உன் அம்மை போனில் சொன்னாள். சந்தோஷம். பின்னாலேயே நீ பேசி அனுப்பியதை இரண்டு தடவை கேட்டேன். "எனக்குப் பதவி ஆசையே கிடையாது பெரியப்பா." இதே பேச்சை நானும் ஒரு காலத்தில் பேசினவன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வுநாள் பள்ளியில் கிதியோன் கதையை 300 பேரைக் கொண்டு மீதியானியரை ஜெயித்ததோடு நிறுத்திவிடுவார்கள். அந்த மீதியானியருக்கே பயந்து திராட்சை ஆலைக்குள் கோதுமை அடித்தவன், பாகாலின் பலிபீடத்தைப் பகலில் இடிக்க அஞ்சி இரவில் இடித்தவன். அந்தப் பயத்தை நான் குறையாகவே எண்ணவில்லை. குறை ஜெயத்துக்குப் பிறகுதான் வந்தது. நியாயாதிபதிகள் எட்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசி. நீயும் உன் மகனும் எங்களை ஆளுங்கள் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். நான் ஆளமாட்டேன், கர்த்தரே ஆளுவார் என்கிறான். எவ்வளவு அழகான பதில்! வாய் மூடுமுன் கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களை மட்டும் கேட்கிறான். 1,700 சேக்கல் பொன். சேக்கலுக்கு 11 கிராம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 19 கிலோ. நம் தெரு நகைக்கடைக்காரர்களே எழுந்து நின்றுவிடுவார்கள். அதில் ஏபோத்து என்ற ஆசாரிய உடை செய்து சொந்த ஊரில் வைத்தான். ஜனம் கர்த்தரை விட்டு அதன் பின்னால் போயிற்று. சீகேமில் பிறந்த மகனுக்கு வைத்த பெயர் அபிமெலேக்கு. 'என் தகப்பன் ராஜா' என்று அர்த்தம். அந்த மகன்தான் பிறகு சகோதரர் 70 பேரை ஒரே கல்லின்மேல் கொன்றான்.

பாத்திரக்கடையில் இருந்துகொண்டே இந்தக் கடைத்தெருவை எழுதினாரே ஆ. மாதவன், அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' நாவலிலும் ஊரார் சாமி என்று மதிக்கிற ஒருவர் வருகிறார். எல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கியவருக்கு உள்ளே என்ன வேண்டியிருந்தது என்பதுதான் கதை. சாகித்திய அகாதெமி 2015இல் அவருடைய வேறொரு புத்தகத்துக்கு விருது கொடுத்தது. எனக்கு இந்த நாவல்தான் பெரிது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சங்கத்தில் என்னைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், கைதட்டினார்கள். பணப்பெட்டிச் சாவியை மட்டும், பத்திரமாக இருக்கட்டுமே என்று மடியில் முடிந்துகொண்டேன். ஒரு பைசா எடுத்ததில்லை. ஆனால் கூட்டம் என்றைக்கு, யாருக்கு உதவி, எல்லாம் என் மடியைக் கேட்டுத்தான் நடந்தது. ஒரு மழைநாளில் யாரோ ஒருவருடைய அடக்கச் செலவுக்குப் பணம் வேண்டித் தலைவர் என் கடைத்திண்ணையில் வந்து நின்றிருக்கிறார். நான் உள்ளே மத்தியானத் தூக்கம். எழுப்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாராம். என்னைவிட மூத்தவர், மக்களே. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் வேண்டாம் என்று சொன்னது எதை, வைத்துக்கொண்டது எதை என்று எனக்கு விளங்கிற்று.

காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடச் சொல். ஒரு சாவி பொருளாளரிடம் இருக்கட்டும். மற்றது கமிட்டியில் உன்னோடு எப்போதும் முட்டிக்கொள்கிற ஆள் யாரோ, அவரிடம். உன் கையில் ஒன்றும் வேண்டாம். பூட்டுகளை நானே இங்கே வாங்கி வைக்கிறேன், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியப்பா