முப்படைகளுள் எந்தப் படை? தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு பாடம்

நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், லிங்கி, சிலியாவ், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இராணுவ வீரர்கள் புதியவர்களல்லர். விடியற்காலையில் நம்மவர் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக் காட்டிற்குப் புறப்படும் அதே வேளையில், சில கல் தொலைவில் போர்ட்டிக்சன் முகாம்களிலும் இளைஞர்கள் அணிவகுத்து நிற்கின்றனர். 'பரேட்' என்னும் சொல்லே நம் நாவில் 'பிரட்டு' ஆயிற்று என்பர். அணிவகுப்பும் அதிகாலை எழுச்சியும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகியவையே. இருந்தும், அந்த முகாம்களுக்குள் அடியெடுத்து வைக்கும் நம் பிள்ளைகளின் தொகை மிகக் குறைவாகவே இருந்து வருகிறது.

இதற்குக் காரணங்கள் பல. பெற்றோரின் அச்சம் ஒன்று. விவரம் அறியாமை மற்றொன்று. விண்ணப்பம் செய்யத் துணியும் இளைஞர்களுள்ளும் பலர், தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என்னும் மூன்றுக்குமுள்ள வேறுபாட்டை அறியாது, நண்பர் சென்ற படைக்கே தாமும் செல்கின்றனர். அல்லது சீருடையின் அழகைக் கண்டு தேர்ந்தெடுக்கின்றனர். பின்னர், 'இது நமக்கு ஏற்றதன்று' என்று மனம் உடைகின்றனர். படைவாழ்வு பல்லாண்டு ஒப்பந்தம். இளமையின் சிறந்த பகுதியை அதற்கே கொடுக்கிறோம். ஆகவே, எந்தப் படையில் சேர்வது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து முடிவு செய்தல் அவசியம். அதற்கு வேண்டிய செய்திகளை இப்பாடத்தில் காண்போம்.

நம் மாநிலமும் படைகளும்

மலாய்ப் படைப்பிரிவு 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ட்டிக்சனில் இருபத்தைந்தே இளைஞர்களைக் கொண்டு தொடங்கப்பெற்றது. இன்றைய தரைப்படை அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1942 ஜனவரி 14ஆம் நாள், கெமாஸுக்கு அண்மையிலுள்ள கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கித் தாக்கிய நிகழ்ச்சி உலகப் போர் வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. 1952இல் இன்றைய அரச இராணுவக் கல்லூரியின் முதல் வித்தும் போர்ட்டிக்சனிலேயே ஊன்றப்பட்டது. பின்னரே அது சுங்கை பீசிக்கு மாறியது. தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி நிலையம் இன்றும் போர்ட்டிக்சனில்தான் இயங்குகிறது. கெமாஸிலுள்ள சையட் சிராஜுடின் முகாம் கவசப் படையினரின் இருப்பிடமாகும்.

தமிழர்களும் இவ்வரலாற்றிற்கு வெளியே நின்றவர்களல்லர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்தபின், தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும், ஜான்சி ராணிப் படைக்கெனப் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பால்வாளி ஏந்திய கை துப்பாக்கி ஏந்தவும் வல்லது என்பதை அக்காலம் மெய்ப்பித்தது.

சுதந்திர மலேசியாவிலும் நம்மவர் தடம் பதித்துள்ளனர். 1967இல் அரச மலேசியக் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம் என்னும் தமிழர். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்றே. 1976 வரை அவர் அப்பதவியை வகித்தார். 1970களில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு எதிரான போராட்டத்தில் உயிர் நீத்த கேப்டன் மோகனசந்திரன் வேலாயுதனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா' வழங்கப்பெற்றது. படையில் நமக்கு இடமில்லை என்று கூறுவோருக்கு இவ்விரு பெயர்களே தக்க விடையாகும்.

தரைப்படை

மூன்று படைகளுள் மிகப் பெரியது தரைப்படை. சேர்வோருக்கான இடங்களும் இதில்தான் மிகுதி. 'தரைப்படை என்றால் துப்பாக்கி தூக்கிக் காட்டில் நடப்பது' என்று பலரும் எண்ணுகின்றனர். இஃது ஒரு பகுதி உண்மையே.

காலாட்படையில் அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கென அமைந்தது. அரச ரேஞ்சர் படைப்பிரிவு எல்லா இனத்தவருக்கும் உரியது. 1963இல் மலேசியா உருவானபோது சரவாக் ரேஞ்சர்கள் மலேசிய ரேஞ்சர் படையினராயினர். அந்த மரபிலேயே இன்றைய ரேஞ்சர் படை நிற்கிறது. காடு, மலை, மழை, நீண்ட நடை ஆகியவற்றைத் தாங்கும் உடலும், தோழனுக்காகத் தன்னைப் பின்தள்ளும் மனமும் உடையவர்க்கே காலாட்படை ஏற்றது.

காலாட்படைக்கு அப்பாலும் தரைப்படையில் பல பிரிவுகள் உண்டு. டாங்கிகளைச் செலுத்துவோர் கவசப் படையினர். போலந்து நாட்டிலிருந்து வாங்கப்பெற்ற 48 'பெண்டேக்கார்' டாங்கிகள் இப்பிரிவைச் சேர்ந்தவை. பீரங்கிப் படை, பாலம் கட்டும் பொறியியற் படை, செய்தித் தொடர்புப் படை, வாகனங்களையும் மின்கருவிகளையும் பழுது பார்க்கும் மின்-இயந்திரப் பொறியியற் படை, மருத்துவப் படை, இராணுவப் போலீஸ், பண்டகசாலைப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு ஆகியனவும் உள்ளன. பட்டறையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைக்கும், மருந்தகத்தில் உதவி செய்யும் பொறுமையுள்ள பிள்ளைக்கும் தரைப்படையிலே இடம் உண்டு என்பதை மறவாதிருப்போமாக. ஆனால், எவரும் முதலில் போர்வீரராகப் பயிற்சி பெற்ற பின்னரே தம் தொழிற்பிரிவுக்குச் செல்வர்.

கடற்படை

1934 ஏப்ரல் 27இல் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் கடற்படையாகத் தொடங்கிய மரபில் வந்தது நம் கடற்படை. அதன் தலையாய தளம் பேராக்கிலுள்ள லுமுட். புதிதாகச் சேரும் கடற்படை வீரர்களின் அடிப்படைப் பயிற்சி ஜோகூரின் தஞ்சோங் பெங்கெலேயில் நடைபெறுகிறது. 2009இல் பணியில் இணைந்த இரு நீர்மூழ்கிக் கப்பல்கள் சபாவின் செப்பங்கார் தளத்தில் உள்ளன.

போர்க்கப்பல் என்பது மிதக்கும் ஒரு சிறு பட்டணம். அங்கே இயந்திர அறை உண்டு. மின்சாரம், ராடார், செய்தித் தொடர்பு, ஆயுதம், சமையல், பண்டகசாலை என ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் வேண்டும். ஆகவே, கடற்படை பெரும்பாலும் தொழில்நுட்பப் படையே. கப்பல் இயந்திரமும் மின்தொழிலும் கற்றவர், சேவை முடிந்தபின் கப்பல்துறையிலும் தொழிற்சாலைகளிலும் அத்திறனைப் பயன்படுத்தலாம்.

ஆயினும், நாம் ஒன்றை வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். வாரக்கணக்கில் கடலில் இருப்பது எளிதன்று. இடுங்கிய படுக்கை, கடல்மயக்கம், வீட்டுச் செய்தி கிட்டாத நாள்கள் ஆகியன உண்டு. தீபாவளியன்று நடுக்கடலில் காவல் நிற்க நேரலாம். பிறந்தது முதல் ஒரே லயத்தில், உற்றார் சூழ வளர்ந்த பிள்ளைக்கு இப்பிரிவு மிகக் கடினமாகத் தோன்றக்கூடும். நீந்தக் கற்றுக்கொள்வது முதல் ஆயத்தமாகும்.

ஆகாயப்படை

1958 ஜூன் முதல் நாள் தொடங்கப்பெற்றது ஆகாயப்படை. பட்டர்வொர்த், குவாந்தான், கோங் கெடாக், சுபாங், லாபுவான் ஆகியன அதன் முக்கியத் தளங்கள். ஆகாயப்படை என்றதும் விமானியாவதே பலருடைய கனவு. விமானிகளோ மிகச் சிலர். ஒரு விமானம் வானில் ஏறுவதற்குத் தரையில் எத்தனையோ பேர் உழைக்க வேண்டும். இயந்திரம் பார்ப்போர், மின்னணுக் கருவிகளைச் சோதிப்போர், ஆயுதம் பொருத்துவோர், ராடார் காப்போர், போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர், தளத்தைக் காவல் புரிவோர் எனப் பலர் உளர். ஒரு சிறு திருகாணி தளர்ந்தாலும் உயிர்கள் போகும். ஆதலின், பொறுமையும் துல்லியமும் எழுதி வைக்கும் ஒழுங்கும் உடையவரையே இப்படை நாடுகிறது. கணிதம், அறிவியல் பாடங்களில் தேறியவர்க்கு இங்கு வாய்ப்பு மிகுதி. தளங்கள் நிலையானவை, ஆதலால், கடற்படையைவிடக் குடும்பத்தோடு வாழும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல் எனலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு லயத்தில் மூன்று இளைஞர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். முதலாமவர் தோட்டக் காற்பந்துக் குழுவின் தலைவர், செம்பனைக் குலை வெட்டி உரமேறிய உடல், படிப்பில் நடுத்தரம். இரண்டாமவர் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து மீண்டும் பூட்டுவதிலேயே பொழுதைப் போக்குபவர். புது ஊர்களைக் காணும் ஆவல் உடையவர். மூன்றாமவர் அமைதியானவர், கணக்கில் வல்லவர், நோய்வாய்ப்பட்ட தாயாரை அடிக்கடி வந்து பார்க்க வேண்டியவர். மூவரும் நண்பர்களாதலால் ஒரே படைக்கு விண்ணப்பம் செய்தால் என்னாகும்? ஒருவருக்கு நன்மையும் மற்ற இருவருக்கு ஏமாற்றமுமே விளையும். முதலாமவர் ரேஞ்சர் படையை நாடலாம். இரண்டாமவருக்குக் கப்பலின் இயந்திர அறை உகந்தது. மூன்றாமவர் ஆகாயப்படையையோ, தரைப்படையின் செய்தித் தொடர்புப் பிரிவையோ எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, ஒவ்வோர் இளைஞரும் பின்வரும் கேள்விகளைத் தமக்குள்ளே கேட்டுக் கொள்ளுதல் நன்று:

1. என் உடல் எதைத் தாங்கும்? நெடுநடையையா, கடலையா, நாள்முழுதும் கருவியோடு அமர்ந்து செய்யும் நுண்வேலையையா?
2. நான் கைத்தொழிலில் தேர்ந்தவனா, கணக்கில் தேர்ந்தவனா, ஆட்களை வழிநடத்துவதில் தேர்ந்தவனா?
3. என் குடும்பம் எத்தனை நாள் நான் இல்லாமல் இருக்க இயலும்?
4. நாற்பது வயதில் படையை விட்டு வரும்போது என் கையில் என்ன தொழில் இருக்கும்?

நான்காவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. சாதாரணத் தரநிலை வீரர்கள் ஓய்வூதியத்திற்குத் தகுதி பெற 21 ஆண்டுச் சேவை வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். இருபதாவது வயதில் சேர்ந்தவர் நாற்பத்தொன்றில் வெளிவருகிறார். அதற்குப் பின்னும் வாழ்வு நீண்டது. 1972இல் அமைந்த இராணுவ நிதி வாரியம் வீரர்களின் சேமிப்பைக் காக்கிறது. முன்னாள் வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்க 'பெர்ஹெபாட்' என்னும் நிறுவனம் உண்டு. எனினும், படையிலேயே ஒரு தொழிலைக் கற்றுக் கொண்டவர்க்கே இவையெல்லாம் முழுப்பயன் தரும்.

ஆயத்தங்கள்

எஸ்.பி.எம். தேர்வை முடிக்காது படைக்கு ஓட எண்ணுவது தவறு. மலாய்மொழியில் தேர்ச்சி இன்றியமையாதது. கட்டளைகள் யாவும் அம்மொழியிலேயே இடப்படும். எஸ்.பி.எம்.மில் சிறந்து தேறியவர்கள் சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, பட்டமும் அதிகாரிப் பதவியும் ஒருங்கே பெறலாம். வயது, உயரம், எடை, கல்வி பற்றிய நிபந்தனைகள் ஒவ்வோர் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலும் தெளிவாகத் தரப்படும். அதனைப் படித்த பின்னரே விண்ணப்பம் செய்க.

பிறப்புப் பத்திரமும் நீல அடையாளக் கார்டும் கைவசம் உள்ளனவா என்று இன்றே பாருங்கள். பிறப்பைப் பதியாமல் விட்டதால் குடியுரிமைச் சான்றின்றித் தவிக்கும் பிள்ளைகள் தோட்டங்களில் இன்னும் உளர். மலேசியக் குடிமகனாயிருப்பது முதல் நிபந்தனையாதலின், எத்துணை வலிமையும் ஆர்வமும் இருந்தும் அப்பிள்ளைக்குப் படையின் கதவு திறவாது. இக்குறையைப் பதினேழு வயதில் நாடிச் செல்வதைவிட ஏழு வயதில் தீர்ப்பதே பெற்றோர் கடமை. பதிவிலாகாவை அணுகத் தயங்காதீர்கள்.

மருத்துவச் சோதனையில் கண், செவி, இதயம், கால்கள் ஆகியன பரிசோதிக்கப்படும். புகையும் மதுவும் இளமையிலேயே உடலைக் கெடுக்கும். போதைப்பொருளைத் தொட்டவர்க்குப் படையில் இடமேயில்லை. உடல்தகுதிச் சோதனைகளில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் வழக்கமானது. தோட்டத்துச் செம்மண் சாலையில் நாள்தோறும் ஓடிப் பழகுவதற்குக் காசு வேண்டுவதில்லை.

'ஆள் பிடித்துத் தருகிறேன். பணம் கொடு' என்று எவரேனும் வந்தால் நம்பாதீர்கள். ஆள்சேர்ப்புக்குக் கட்டணம் இல்லை. தாலியை அடகு வைத்துத் தரகரிடம் கொடுத்த பணம் திரும்பி வாராது.

முழுநேரச் சேவைக்கு மனம் துணியாதோர், 'அஸ்கார் வத்தானியா' என்னும் பகுதிநேரத் தொண்டர் படையில் சேர்ந்து பழகிப் பார்க்கலாம். போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்திற்குப் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் செல்வதும் நல்ல தொடக்கமாகும்.

பெற்றோருக்கு

பிள்ளை படைக்குச் செல்கிறேன் என்றதும் தாய்மார் கலங்குவது இயற்கை. ஆபத்தே இல்லை என்று நாம் கூற மாட்டோம். 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்ற மலேசிய வீரர்களுள் ஒருவர் உயிர் துறந்தார், பலர் காயமுற்றனர். போர்வீரனின் தொழிலில் அந்த விலை உண்டு. ஆனால், அந்த விலையை அறிந்து, விரும்பி, தனக்கேற்ற இடத்தைத் தேர்ந்து செல்லும் பிள்ளையைத் தடுப்பது வேறு. அறியாமல் ஓடும் பிள்ளைக்கு வழி சொல்வது வேறு. முன்னதைச் செய்யாது பின்னதைச் செய்யுங்கள். வழிபாடு, உணவு பற்றிய ஐயங்களைப் படையில் பணியாற்றித் திரும்பிய நம்மவரிடமே கேட்டுத் தெளியுங்கள். உங்கள் பெண்மக்களுக்கும் மூன்று படைகளிலும் இடமுண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தரையோ, கடலோ, வானோ, தாய்நாடு ஒன்றே. எப்படை உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. எப்படையில் தன் உடலும் அறிவும் குடும்பச் சூழலும் பொருந்துமோ, அப்படையே ஓர் இளைஞனுக்கு உயர்ந்த படை.

சிந்திப்பதற்குச் சில வினாக்கள்

1. மலாய்ப் படைப்பிரிவு எங்கே, எந்த ஆண்டு, எத்தனை பேருடன் தொடங்கப்பெற்றது?
2. தரைப்படையில் காலாட்படையல்லாத ஐந்து பிரிவுகளைக் கூறுக.
3. மேலே கண்ட மூன்று இளைஞர்களுள் நீங்கள் யாரைப் போன்றவர்? ஏன்?
4. உங்கள் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறப்புப் பத்திரம் உள்ளதா?