மண்ணுள் மறைந்த வரலாறு

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சசெக்ஸ் மாவட்டத்தில், லூயிஸ் நகரின் பழைய துறவியர் மடம் பாழடைந்து கிடந்தது. 1845-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைப்போர் அம்மடத்தின் ஊடே நிலத்தை அகழ்ந்தனர். ஆங்கு ஈயப் பேழைகள் இரண்டு வெளிப்பட்டன. வில்லியம், குண்ட்ராடா என்னும் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. 11-ஆம் நூற்றாண்டில் அம்மடத்தை நிறுவிய கணவனும் மனைவியுமே அவர்கள். பேழைகளுள் இருந்தவை அவர்தம் எலும்புகள்.

பழஞ்சின்னங்கள் இவ்வாறு சிதைவதைக் கண்ட அன்பர்கள் வாளா இருந்திலர். 1846-இல் சசெக்ஸ் தொல்பொருட் கழகத்தைத் தோற்றுவித்தனர். பழைய ஆவணங்களையும் ஊர்களின் வரலாற்றையும் ஆராய்ந்து, 1848 முதல் நூல்தொகுதிகளாக வெளியிட்டனர்.

1960-இல் அம்மாவட்டத்துப் பிஷ்போர்ன் சிற்றூரில் குடிநீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது, உரோமர் கால மாளிகையொன்றின் சுவடு தென்பட்டது. இம்முறை அது சிதையவில்லை. அறிஞர் முறையாக அகழ்ந்தனர். அவ்விடம் கழகத்தின் பாதுகாப்பில் அமைந்தது. 1968-இல் மக்கள் காணத் திறந்துவைக்கப்பட்டது.

மண்வெட்டி ஒன்றே, அது அழிப்பதும் காப்பதும் ஊரார் விழிப்பைப் பொறுத்தன.