வாகன மின்கலமும் மின்னேற்றும் முறையும்

காலையில் பெரட்டுக்குப் புறப்படும் தந்தையார் மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்துகிறார். ஒரு முனகலோடு வண்டி ஓய்ந்துவிடுகிறது. "பேட்டரி செத்துவிட்டது" என்கிறோம். அது உண்மையிலேயே செத்துவிட்டதா, பசித்துக் கிடக்கிறதா என்பதை அறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

பானையில் நீர் நிரப்புவதுபோல் பேட்டரிக்குள் மின்சாரத்தை நிரப்பி வைத்திருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உள்ளே நிகழ்வது வேதியியல் மாற்றமேயாகும். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே அமைத்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததே இன்றும் பெரும்பாலான கார்களிலும் லாரிகளிலும் உள்ளது. ஈயத் தகடும் ஈய டையாக்சைடுத் தகடும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படியும், அமிலம் நீர்த்துப்போகும். மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் அப்படிவு நீங்கித் தகடுகள் பழைய நிலையை அடையும். இதனையே மின்னேற்றம் என்கிறோம். மின்னேற்றாமல் நெடுநாள் போட்டுவைத்தால் சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் பேட்டரி முன்போல் மீள்வதில்லை.

ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். அத்தகைய ஆறு கலங்கள் சேர்ந்ததே 12 வோல்ட் பேட்டரி. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட் என்பது நிறைந்த வயிறு, 12.2 அரை வயிறு. 12க்குக் கீழே போனால் பட்டினி.

எல்லா வகைக்கும் ஒரே உணவு ஆகாது. மூடியைத் திறந்து நீர் ஊற்றும் பழைய வகைக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். குறைவது நீரேயன்றி அமிலமன்று. ஆதலின் அமிலமும் ஊற்றலாகாது. அமிலத்தைக் கண்ணாடி நாரில் உறிஞ்ச வைத்த வகையும், களியாக உறையச் செய்த வகையும் மூடப்பட்டவை. அவற்றைத் திறக்கவே கூடாது. நீர் ஊற்றும் வகைக்கு 14.4 வோல்ட் வரை செலுத்துவர். களி வகைக்கு 14.1 அளவே தக்கது. மிகுந்தால் களியில் குமிழிகள் தோன்றி அது பாழாகும். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்குரிய மின்னேற்றியைத் தவிர வேறெதனையும் அதில் இணைத்தல் தீங்காகும்.

செலுத்தும் மின்னோட்டத்தையும் கவனித்தல் வேண்டும். ஈய-அமில வகைக்குக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 40 ஆம்பியர்-மணி கார் பேட்டரிக்கு 4 ஆம்பியர். 5 ஆம்பியர்-மணி மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கோ அரை ஆம்பியர்தான். காருக்குரிய மின்னேற்றியை மோட்டார் சைக்கிளுக்கு மாட்டினால் சிறு பேட்டரி சூடேறி வீங்கிவிடக்கூடும். விரைவில் முடியட்டும் என்னும் அவசரத்தால் ஒரு நாட்கூலிக்கு மேல் வீணாவதுண்டு.

தோட்ட வீடுகளில் மின்சாரம் சில மணி நேரமே கிடைத்த அந்நாளில், கார் பேட்டரியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்ததைப் பெரியோர் சொல்லக் கேட்கலாம். ஆயினும் பேட்டரிக்கு வீட்டினுள் மின்னேற்றுவது ஆபத்தானது. மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். சாமி விளக்கும் அடுப்பும் எரியும் இடம் அதற்கு ஏற்றதன்று. காற்றோட்டமுள்ள வெளித்திண்ணையே நன்று.

பொறி எழாதிருக்கவே இணைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மின்னேற்றியை அணைத்து வைத்துச் சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் மாட்டிய பின்னரே விசையைப் போடுதல் வேண்டும். கழற்றும்போதும் முதலில் விசையை அணைக்க வேண்டும். கையிலுள்ள மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுக. அமிலம் கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, உண்மையிலேயே செத்த பேட்டரியைப் பற்றி ஒரு சொல். ஈயத்துக்காக அதனை வீட்டருகே உடைத்து உருக்குவோர் உளர். அப்புகையும் தூசும் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். பழையதை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துத் தரும் கடைகள் பல உள்ளன.