கொல்லிமலையில் காளான் தேடுவோர்க்கு

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மழைக்காலத்தில் கொல்லிமலைக்குச் செல்வோர், கறையான் புற்றின்மேல் முளைத்த புற்றுக்காளானைக் காண நேரின், குடையின் நடுவே கூரிய முனையும், வேர்போல் நீண்டு புற்றுக்குள் இறங்கும் தண்டுமே அதன் பிரதான லட்சணங்கள் என்று அறிக. கிள்ளியெடுத்தால் அடிப்பாகம் புலப்படாதாகையால், முழுமையாக அகழ்ந்தே பார்க்கவேண்டும். ஆயினும் அம்மலையின் மலையாளிப் பழங்குடியினருள் அனுபவமிக்க ஒருவர் பார்த்துச் சம்மதியாத எதனையும் சமைத்தலாகாது. தண்டில் வளையமும் அடியில் கிண்ணம் போன்ற உறையும் உடையவற்றையும், குடையின் அடிமடிப்பு பச்சை பூத்தவற்றையும் விலக்குவதே விவேகம். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், புழு அரித்திருந்தால் உத்தமம் என்னும் பரீட்சைகளெல்லாம் வெறும் பிரமை. சில காளான்களின் விஷம் கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றி, இடையே குணமானதுபோல் காட்டி, கல்லீரலைக் கெடுத்துவிடும். சந்தேகம் எழுந்தால், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.