'கண்டெம்ப்ட்': பொருளும் பயன்பாடும்

முன்னுரை

ஆங்கிலப் பகுதியைத் தமிழாக்கும் மாணவர் பலர் 'கண்டெம்ப்ட்' என்னும் சொல்லைக் கண்டவுடன் 'வெறுப்பு' என்று எழுதிவிடுகின்றனர். அகராதியைப் புரட்டுவோர் 'இகழ்ச்சி', 'அவமதிப்பு' என்பவற்றுள் ஒன்றை எடுத்தாள்வர். ஆயின் இச்சொல் இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடுவது. ஓரிடத்தில் பொருந்தும் தமிழ்ச்சொல் மற்றோரிடத்தில் கருத்தையே திரித்துவிடும். எனவே, இச்சொல்லின் பொருட்கூறுகளையும் அவற்றுக்கு நிகரான தமிழ்ச்சொற்களையும் ஈண்டுக் காண்போம்.

சொற்பிறப்பு

இச்சொல் 'கான்டெம்னெரே' என்னும் லத்தீன் வினையடியாகப் பிறந்தது. இழிவாகக் கருதுதல், பொருட்படுத்தாமை என்னும் இரு கருத்துகளும் அவ்வினையில் உள்ளன. வெறுப்பு இதனின் வேறானது. நாம் வெறுக்கும் ஒருவரை வலியவர் எனக் கருதி அஞ்சவும் கூடும். இகழப்படுபவரையோ ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

இதன் இனச்சொற்களும் நோக்கத்தக்கன. 'டெஸ்பைஸ்' என்பது மேலிருந்து கீழ்நோக்குதல் என்னும் பொருளடியாகத் தோன்றியது. 'டிஸ்டெய்ன்' என்பதோ தகுதியைக் குறிக்கும் லத்தீன் அடியிலிருந்து வந்தது. மாண்பினைக் குறிக்கும் 'டிக்னிட்டி' என்னும் சொல்லுக்கும் அதுவே அடி. பிறரைத் தகுதியற்றவராகக் கருதி ஒதுங்கும் செருக்கு அதன் பொருள். 'ஸ்கார்ன்' என்பதில் ஏளனம் வெளிப்படையாகத் தோன்றும். 'கண்டெம்ப்ட்' உள்ளத்தளவிலும் நிற்கும். சொல்லிலும் செயலிலும் வெளிப்படவும் செய்யும்.

உலக வழக்கு

ஒருவர்பால் 'கண்டெம்ப்ட்' கொண்டார் எனின் 'இகழ்ச்சி' பொருந்தும். இகழ்வதற்கும் தகுதியற்ற இழிசெயலை, 'கண்டெம்ப்ட்டுக்கும் கீழானது' என்று ஆங்கிலேயர் கூறுவர். அளவிறந்த பழக்கம் இகழ்ச்சியை விளைக்கும் என்னும் கருத்தமைந்த அவர்தம் பழமொழிக்கு, 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்னும் நம் பழமொழி நிகராகும். ஆனால், வீரன் ஒருவன் ஆபத்தின்பால் 'கண்டெம்ப்ட்' காட்டினான் என்னுமிடத்து இகழ்ச்சி பொருந்தாது. 'துச்சமாக மதித்தான்' என்பதே தக்கது.

இருவகைப் பெயரடைகள்

'கண்டெம்ப்டிபிள்' என்பது இகழத்தக்கதைக் குறிக்கும். 'கண்டெம்ப்சுவஸ்' என்பது இகழ்கின்ற தன்மையைக் குறிக்கும். முன்னது இகழப்படுபவருக்கும் பின்னது இகழ்பவருக்கும் உரியது. 1914ஆம் ஆண்டு பிரான்சுக்குச் சென்ற பிரிட்டிஷ் படையை, 'இகழத்தக்க சிறுபடை' எனச் செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் குறிப்பிட்டதாக ஒரு செய்தி பரவிற்று. அத்தகைய ஆணை எதற்கும் சான்று கிடைத்திலது. எனினும், அப்படைவீரர்கள் 'ஓல்டு கண்டெம்ப்டிபிள்ஸ்' என்னும் பெயரைத் தாமே பெருமையுடன் சூடிக்கொண்டனர். பெயரடைகளை மாற்றிப் பொருள்கொண்டால், இகழப்பட்டவர் இகழ்ந்தவர் ஆகிவிடுவர்.

சட்ட வழக்கு

'கண்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்' என்பதனை 'நீதிமன்ற அவமதிப்பு' என வழங்குகிறோம். நீதிபதியை இழித்துப் பேசுதல் மட்டுமே இக்குற்றம் எனப் பலர் கருதுகின்றனர். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உரிமையியல், குற்றவியல் என இருவகைப்படுத்துகிறது. நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறுதலும், நீதிமன்றத்திற்கு அளித்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுதலும் முதல்வகை. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைக்கும் வெளியீடுகளும், நீதி வழங்கலுக்கு இடையூறு செய்தலும் இரண்டாம் வகை. ஆகவே, இழிசொல் ஒன்றும் கூறாதவரும், ஆணையை வேண்டுமென்றே நிறைவேற்றாது விடுவாராயின், இக்குற்றத்திற்கு ஆளாவார். இங்குச் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டாதலின், சொல்லின் பொருளைப் பிறழ உணர்தல் சிறுபிழை ஆகாது.

தமிழ் காட்டும் நெறி

இகழ்ச்சியும் கீழ்ப்படியாமையும் ஒரு சொல்லுள் அடங்குதல் வியப்பாகத் தோன்றலாம். தமிழிலும் இந்நிலை உண்டு. 'மதித்தல்' என்பது நன்மதிப்புக் கொள்ளுதலையும் குறிக்கும். 'சொல்லை மதித்தல்' என்னுமிடத்துக் கேட்டு நடத்தலையும் குறிக்கும். ஆதலின் 'மதியாமை' என்னும் சொல் அவ்விரு பொருளையும் தாங்கவல்லது.

'இகழ்ச்சி' என்னும் சொல் இன்று எள்ளலையே குறிக்கிறது. ஆனால், திருக்குறளின் பொச்சாவாமை அதிகாரத்தில் அதற்கு மறதி, சோர்வு என்றே உரையாசிரியர் பொருள் கூறுவர். செய்ய வேண்டியதைப் பொருட்படுத்தாது மறந்திருத்தலும் ஒருவகை இகழ்ச்சியே என்பதை இச்சொல்லாட்சி உணர்த்துகிறது. லத்தீன் வினையில் நாம் கண்ட இரு கருத்துகளும் இங்கும் ஒரு சொல்லில் இணைந்து நிற்கின்றன.

முடிவுரை

மொழிபெயர்ப்போர் இச்சொல்லைக் காணுந்தோறும், இகழப்படுவது யாது, அவ்விகழ்ச்சி உள்ளத்ததா செயலினதா, இடம் சட்டத்தின் பாற்பட்டதா எனும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். இகழ்ச்சி, துச்சம், அவமதிப்பு, மதியாமை என்பவற்றுள் உரிய சொல் அப்போது தானே புலப்படும். பிறரை இகழ்வோர் எல்லோரும் ஏளனச் சொல் கூறுவதில்லை. கேட்க வேண்டியதைக் கேளாதிருப்பவரும் இகழ்பவரே என்பது இவ்வாய்வால் நாம் பெறும் உண்மையாகும்.