சப்பாத்திக்கு மாறியும் சர்க்கரை குறையவில்லையே?

கேள்வி: இரவில் சோற்றை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறேன். ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையவில்லை. ஏன்?

பதில்: சோறானாலும் சப்பாத்தியானாலும் உள்ளே பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதில் இரண்டு வகை. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. செரிமான நொதிகள் பல முனைகளில் ஒரே சமயத்தில் வெட்டி, சீக்கிரம் குளுக்கோஸாக்கிவிடும். அமைலோஸ் நீளமான சங்கிலி. நெருக்கமாக அடுக்கியிருப்பதால் மெதுவாகச் செரிக்கும். அதில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய், நார்ச்சத்துபோல் நன்மை செய்யும். சாதாரணக் கோதுமை மாவுச்சத்தில் அமைலோஸ் சுமார் 25 சதவீதமே. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் அதை 80 சதவீதத்துக்கும் மேல் உயர்த்திய கோதுமையை உருவாக்கியிருக்கிறார்கள்.

அரைக்கும் பக்குவமும் முக்கியம். மைதா பரோட்டாவில் மாவுச்சத்து திறந்து கிடக்கிறது. வெந்த சம்பா கோதுமை ரவையை விரலால் நசுக்கிப் பாருங்கள். குருணை குருணையாக நிற்கும். அந்தக் குருணைக்குள் செல்சுவர் மாவுச்சத்தைப் பூட்டி வைத்திருப்பதால் சர்க்கரை நிதானமாக ஏறும்.

ஆகவே நான்கை இரண்டாக்குங்கள். பாசிப்பயறுக் கூட்டும் காய்கறியும் தாராளமாகச் சேருங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மருந்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.